ஓரத்து இரண்டு கட்டைகள்

உகாண்டாவின் மரக்கட்டை வாத்தியமான அமடிண்டாவின் ரசிகர்களில் இரண்டு கட்சி உண்டு. எதிரெதிரே உட்கார்ந்து கோல் பறக்க வாசிக்கும் இருவரிடமிருந்து கண்ணை எடுக்காதவர்கள் ஒரு கட்சி. ஓரமாக ஒண்டிக்கொண்டு கடைசி இரண்டு கட்டைகளை மட்டும் தட்டிக்கொண்டிருக்கும் மூன்றாமவரிடம் காதைக் கொடுத்துவிட்டவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. முதல் கட்சிக்காரர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "அந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை? இருக்கிறதையே திரும்பத் தட்டுகிறார், அவ்வளவுதானே" என்பார்கள். அவ்வளவுதான். இசையமைப்பு என்கிற வித்தையில் பாதி அந்த அவ்வளவுக்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஆப்பிரிக்க மரபுகளைக் கொண்டு இசையமைப்பு சொல்லிக்கொடுக்க வேண்டும், எங்கே தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், கானாவின் மணி, ஜெம்பே பறை, எம்பிரா என்கிற விரல் வாத்தியம் எல்லாம் பிறகு வரட்டும், உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா அரசவையின் ஒக்குக்கூனெராவில், அதாவது அந்த மூன்றாமவரின் பகுதியில், தொடங்குங்கள் என்பேன்.

முதல் இருவர் செய்வதைத் தனித்தனியாகக் கேட்டால் அதில் பெரிய விசேஷம் இருக்காது. ஒருவர் ஒக்குனாகா என்கிற முதல் பகுதியைத் தொடங்குகிறார். சம இடைவெளி, ஒரே சீர், மூச்சுவிட இடமில்லை. எதிரில் இருப்பவர் அந்தத் தட்டுகளின் நடுவே தன் பகுதியான ஒக்வாவுலாவைச் செருகுகிறார். அதுவும் ஒரே சீர்தான். ஒரே உரலில் இருவர் உலக்கை மாற்றிப் போடுகிற கதை. அந்த நாட்டில் உரலும் உண்டு, இதே மாற்றுக் குத்தும் உண்டு என்பதால், அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பின்னல் புதிதல்ல. ஒவ்வொருவரும் ஒரே சுரத்தை இரண்டு கைகளாலும் இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்துத் தட்டுகிறார்கள். இருவரும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 500 தட்டுகளைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் காது ஒவ்வொரு சுரமாகப் பின்தொடர முடியாது. கீழே ஒலிப்பதைக் கீழே ஒலிப்பதோடும், மேலே ஒலிப்பதை மேலே ஒலிப்பதோடும் சேர்த்து அதுவாகவே கோத்துக்கொள்கிறது. இருவரில் எவரும் வாசிக்காத மெட்டு ஒன்று, விட்டுவிட்டு, நொண்டியும் துள்ளியும் கேட்க ஆரம்பிக்கும்.

மூன்றாமவர் அதைத்தான் பிடிக்கிறார். பன்னிரண்டு கட்டைகளில் ஆகக் கீழே இருக்கும் இரண்டில் எப்போது எது விழுகிறதோ, அதை அப்படியே இரண்டு ஸ்தாயி மேலே, தன் இரண்டு கட்டைகளில் எடுத்துத் தருகிறார். அவர் புதிதாக ஒரு சுரம்கூடச் சேர்ப்பதில்லை. உள்ளே ஒளிந்திருந்ததைச் சபைக்குக் காட்டிக்கொடுக்கிறார்.

இதை மேற்கத்திய உலகுக்குப் புரியும்படி எழுதியவர் ஆஸ்திரியாவின் கெர்ஹார்ட் கூபிக். 1959-இல் கம்பாலாவுக்கு வந்து, எவரிஸ்டோ முயிண்டாவிடம் பாடம் கேட்டு, 1962-இல் தன் கட்டுரையை வெளியிட்டார். கட்டுரையைப் பாராட்டாதவர் இல்லை. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் முயிண்டாவிடம்தான் போகிறது. புகாண்டா அரசரான கபாகாவின் அரண்மனை வித்வான், உகாண்டா அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டியவர். அமடிண்டா, குழல், யாழ், பிடில் என்று எது கையில் கிடைத்தாலும் வாசிப்பார். அரசவையில் தனித்தனியாக இருந்த வாத்தியங்களைச் சேர்த்து ஒரு குழுவையும் அமைத்தார். மரபைக் கலப்படம் செய்துவிட்டார் என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். நெதர்லாந்தின் பான் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அவருடைய இசைத்தட்டைக் கேட்டுவிட்டு வந்து பேசட்டும். வயதான காலத்து வாசிப்பு, ஆனால் ஓர் இடத்திலும் தள்ளாட்டம் கிடையாது.

முயிண்டாவின் வழியில் வருகிற பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. ஒக்வாவுலா வாசிப்பவர் தன்னை 'எடுப்புத் தள்ளி' வாசிப்பவராக நினைக்கவே கூடாது. எதிராளியின் தட்டு தாளம், தன்னுடையது இடைவெளி என்று நினைத்த அந்தக் கணமே வாசிப்பு கெட்டுவிடும். அவருக்கு அவருடைய தட்டுதான் தாளம். எதிராளிக்கு எதிராளியுடையது. ஒரே வாத்தியத்தில் இரண்டு 'சமம்' ஒன்றோடொன்று முட்டாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாமவருக்கோ இரண்டில் எதுவும் சொந்தமில்லை, இரண்டும் சொந்தம். இசையமைக்க வருகிறவனுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எது? தன் பகுதியையே உலகத்தின் நடுவாக வைத்து வாசிக்க வேண்டும், அதே நேரம் அது நடுவல்ல என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

வகுப்பில் இந்தப் பின்னலைச் செய்து பார்க்க மரமும் வேண்டாம், காகிதம் போதும். கூபிக் எழுதுகிற முறையிலேயே ஐந்து சுரங்களுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு 3 1 4 2 5 1 என்றும், எதிராளிக்கு 5 2 3 1 4 4 என்றும் வைத்துக்கொள்வோம். இது என் சொந்தக் கிறுக்கல், புகாண்டாவின் பாட்டல்ல. பின்னினால் 3 5 1 2 4 3 2 1 5 4 1 4 என்று வரும். இதில் 1, 2 மட்டும் எங்கே விழுகிறது என்று பாருங்கள்: மூன்றாவது, நான்காவது, ஏழாவது, எட்டாவது, பதினொன்றாவது இடங்கள். இரண்டு தட்டு, இரண்டு மௌனம், இரண்டு தட்டு, இரண்டு மௌனம், ஒற்றைத் தட்டு. இதைச் சுழலவிட்டால் மூன்றாமவரின் மெட்டு. நான் எழுதியது இரண்டு வரிசைகள், கிடைத்தது மூன்று. ஆனால் எனக்குக் கிடைத்தது கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அரசவைப் பாட்டுகளில் இந்த மூன்றாவது வரிசை எங்கே மடங்கும் என்று கடைசிவரை ஊகிக்க முடியாது. 24, 36 தட்டுகளில் ஒரு சுற்று என்பது அங்கே சாதாரணம். 50, 70 என்று வரும் உருப்படிகளும் இருக்கின்றன. அவற்றைக் கட்டியவர் யாரென்று பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும், கீழ் இரண்டு கட்டைகளில் என்ன விழப்போகிறது என்பதைக் கணக்கில் வைக்காமல் கட்டியிருக்கிறார் என்று என்னை நம்பவைக்க முடியாது.

அடுத்தது மிக்கோ. அமடிண்டாவின் ருசி முற்றிப்போவது இங்கேதான். மொத்த உருப்படியையும் ஒரு கட்டை மேலே நகர்த்துகிறார்கள். 1 இருந்த இடத்தில் 2, 2 இருந்த இடத்தில் 3, 5 மட்டும் சுற்றிக்கொண்டு கீழே வந்து 1 ஆகிவிடும். மேலே நான் கிறுக்கியதை அப்படி நகர்த்தினால் 4 1 2 3 5 4 3 2 1 5 2 5. இப்போது மூன்றாமவரின் இடங்கள் இரண்டாவது, மூன்றாவது, எட்டாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது. அதே பாட்டு, அதே கைகள், ஆனால் ஓரத்தில் இருப்பவருக்கு வேறு வேலை. நான்கு தடவை நகர்த்தலாம், முதலில் இருந்ததோடு சேர்த்து ஐந்து வேறு வேறு முகம்.

நம் காதுக்கு இது சட்டென்று கிரக பேதம் போலத் தோன்றும். மோகனத்தின் ஆதாரத்தை மாற்றி மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று எடுத்துக்காட்டி நாம் கைதட்டல் வாங்குவோமே, அது. ஆனால் அது வேறு, இது வேறு. அமடிண்டாவின் ஐந்து சுரங்களும் கிட்டத்தட்ட சம தூரத்தில் நிற்கின்றன. எங்கிருந்து எண்ணினாலும் படிகள் ஒன்றே. எனவே எத்தனை நகர்த்தினாலும் ராகம் மாறுவதில்லை. மாறுவது எது கீழே, எது மேலே என்பதுதான். நாம் சுருதியை நகர்த்தி நிறத்தை மாற்றுகிறோம். அவர்கள் நிறத்தைத் தொடாமல் உருவத்தை மாற்றுகிறார்கள். நம் இசைக்காரர்கள் சிலர் இந்தப் பதிவுகளைக் கேட்டவுடன் "மோகனம்தானே" என்று முத்திரை குத்திவிட்டு எழுந்துவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து கேட்டால் அது மோகனமும் இல்லை, வேறெந்த ஐந்து சுர ராகமும் இல்லை என்று தெரிந்துவிடும்.

கானாவின் மணியிலிருந்து தொடங்கச் சொல்லும் கட்சிக்கு வருகிறேன். ஆப்பிரிக்க இசையைப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுப்பது என்றாலே ஈவே மக்களின் மணியும் பறையும்தான் என்று ஆகிவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் அட்ஸென்யா 1969 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கற்பித்தார். பாலசரஸ்வதியின் தம்பிகள் டி. ரங்கநாதனும் டி. விசுவநாதனும் மிருதங்கமும் குழலும் சொல்லிக்கொடுத்த அதே இடம். அங்கே கானாப் பறையையும் மிருதங்கத்தையும் சேர்த்துப் படித்த ரஸல் ஹார்ட்டன்பெர்கர்தான் பின்னால் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக்கின் குழுவில் வாசித்தவர். ரைக்கே 1970-இல் கானாவுக்குப் போய் கிடியோன் அலொர்வோயியிடம் பாடம் கேட்டார். மலேரியா வந்து பயணம் பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு அவருடைய 'டிரம்மிங்' உருப்படி வந்தது. இதெல்லாம் பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மணியிலிருந்து தொடங்கும் மாணவன் எண்ணத் தொடங்கிவிடுகிறான். நம் லயப் பைத்தியங்களும் அப்படித்தான். பன்னிரண்டை ஏழும் ஐந்துமாகப் பிரிப்பது, மூன்றின் மேல் இரண்டு என்று கணக்குப் போடுவது, அதில் ஒரு கோர்வை கட்ட முடியுமா என்று பார்ப்பது. கணக்கு வந்தால் இசை வந்துவிட்டது என்ற நினைப்பு. ஆப்பிரிக்க லயம் என்கிற இந்த மாயாஜாலத்தைப் பெரிதும் வெளியாட்கள்தான் கட்டி எழுப்பினார்கள் என்று கானாவின் இசையியலாளர் கோஃபி அகாவு 1995-லேயே எழுதிவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கானாவில் நான் தலைவணங்குவது பறைக்கு அல்ல, இசையமைப்பாளர் எஃப்ராயிம் அமுவுக்கு. அக்ரோபாங் ஆசிரியர் கல்லூரியில் வேலை பார்த்தவர். மிஷன்காரர்களின் கீர்த்தனை மெட்டுகளில் ட்வி மொழி வார்த்தைகளைத் திணித்தால், மேலே போக வேண்டிய அசை கீழேயும் கீழே வர வேண்டியது மேலேயும் போய், சொல் வேறு சொல்லாகிவிடுகிறது என்று அவர் காதுக்குப் பட்டது. பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு மெட்டையும் இறக்கி ஏற்றிப் பாட்டுக் கட்டத் தொடங்கினார். மரபு உடையில் கோவிலில் பிரசங்கம் செய்ததும் சேர்ந்துகொள்ள, 1933-இல் வேலை போயிற்று. பிறகு அச்சிமோட்டாவில் ஒரு தலைமுறைக்கே இசை சொல்லிக்கொடுத்தார், மூங்கில் குழலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். அக்ரோபாங்கில் அமுவின் பாட்டுகளைப் பாடி வளர்ந்தவர்தான் குவாபெனா என்கெட்டியா. அவர் மாணவர்களுக்காக எழுதிய பன்னிரண்டு பியானோ பாடங்களை இன்றும் வாசிக்கக் கேட்கிறேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பியானோவின் சுருதியில் அடைபட்ட அழகு. அமுவின் பாடம் அமடிண்டாவுக்கும் பொருந்தும். புகாண்டாவில் பேசும் லுகாண்டாவும் ஏற்ற இறக்கத்தால் பொருள் மாறும் மொழி. அரசவை உருப்படிகளின் வேர் பாட்டில்தான் இருக்கிறது. அதனால் பின்னலுக்குள்ளிருந்து மெட்டு கேட்கும்போது அந்த மொழிக்காரருக்கு அதில் வார்த்தையே கேட்கும். நமக்கு அது கிடைக்காது. நாம் பாதிச் சாப்பாட்டோடு எழுந்திருக்கிறவர்கள்.

சொல்லிக்கொடுத்தால் இசையமைப்பாளர் வருவாரா என்று கேட்கிறவர்களுக்கு உகாண்டாவிலிருந்தே இரண்டு பெயர்கள் போதும். ஜோசப் கியாகம்பித்வா 1955-இலேயே புகாண்டா உருப்படிகளை எழுத்தில் கொண்டுவந்து ஒரு புத்தகம் போட்டார். 1964-இல் உகாண்டா தியாகிகளைப் போப்பாண்டவர் புனிதர்களாக அறிவித்த சமயத்தில் ரோமில் ஒலித்த ஒரட்டோரியோ அவருடையது. அடுத்தவர் ஜஸ்டினியன் டமுசூசா. குரோனோஸ் குவார்டெட்டின் 1992 இசைத்தட்டு 'பீசஸ் ஆஃப் ஆஃப்ரிக்கா'வில் அவருடைய 'மு க்குபோ எரியோமுசாலாபா' இருக்கிறது. சிலுவைப் பாதையைப் பற்றிய உருப்படி, நான்கு நரம்பு வாத்தியங்கள். அந்த இசைத்தட்டில் எல்லோரும் ஹம்சா எல் தினையும் கெவின் வோலன்ஸையும்தான் சிலாகிக்கிறார்கள். டமுசூசாவை மறுபடி கேளுங்கள். வில்லை வைத்துக்கொண்டே தட்டு வாத்தியக்காரர்களைப் போல நால்வரும் பின்னுகிறார்கள், யார் கையிலும் இல்லாத மெட்டு நடுவில் எழுகிறது. ஓரத்து ஆளின் வேலையை அங்கே கேட்பவர் காதுக்கே விட்டுவிட்டார். ஹங்கேரியின் இசையமைப்பாளர் லிகெத்தி தன் பியானோ பயிற்சிகளுக்கு மத்திய ஆப்பிரிக்கப் பதிவுகளிடம் பட்ட கடனைத் தானே சொல்லியிருக்கிறார். அவர் பெரிய மனிதர், அவரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் முதலில் கேட்டது ஹ்யூ ட்ரேசியின் பதிவுகளை. 1950-இலும் 1952-இலும் அவர் புகாண்டாவில் பிடித்தவை. நண்பர் ஒருவரின் மொட்டைமாடி அறையில், சிறிய ஸ்பீக்கரில். அமடிண்டாவுக்கு முன்னால் அரசவை யாழ்க்காரர் தெமுத்தெவோ முகாசா வந்துவிட்டார், அவர் குரலின் கரகரப்பில் அன்று மாலை போயிற்று. யாழிலும் அதே பின்னல்தான், இரண்டு ஆளுக்குப் பதில் இரண்டு கை. நண்பர் தாளம் போட முயன்று, எதில் போடுவது என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். சரியான எதிர்வினை அதுதான்.

அந்தப் பதிவுகளில் ஒலிக்கும் உலகம் 1966 மே 24-ஆம் தேதி உடைந்தது. உகாண்டா அதிபர் ஒபோட்டேயின் படை கபாகாவின் மெங்கோ அரண்மனையைத் தாக்கியது. கபாகா நாட்டைவிட்டுப் போனார், அடுத்த ஆண்டு உகாண்டாவின் முடியரசுகளே ஒழிக்கப்பட்டன. பரம்பரை பரம்பரையாக அரண்மனைக்கு முறைபோட்டு வாசிக்க வந்த வித்வான்கள் சிதறினார்கள். சுருதி சேர்த்த பறைகளில் மெட்டு வாசிக்கும் என்டெங்கா ஏறக்குறைய வாய்மூடிப் போனது. 1993-இல் புகாண்டா முடியரசு சடங்கு அளவில் மீண்டது. வாத்தியத்தைத் திரும்பச் செய்துவிடலாம். விடிகாலையில் வாசிப்பதற்கென்றே இருந்த ஆட்களை எப்படித் திரும்பச் செய்வது?

அந்தக் கேடு துப்பாக்கியால் வந்தது. இப்போதைய கேடு நல்லெண்ணத்தால் வருகிறது. எங்கள் ஊரில் ஓர் 'ஆப்பிரிக்க இசைப் பட்டறை'க்குப் போயிருந்தேன். வட்டமாக நாற்காலி, ஆளுக்கொரு ஜெம்பே. "மனதில் தோன்றுவதை வாசியுங்கள், தப்பு என்று எதுவுமே இல்லை" என்றார் நடத்தியவர். அமடிண்டாவில் தப்பு உண்டு ஐயா. ஒரு தட்டு இடம் மாறினால் மூன்றாமவரின் மெட்டு கவிழ்ந்துவிடும். கவிழும் என்பதால்தான் அது கட்டப்பட்ட இசை. ஒரு கண்டத்தின் மகத்தான இசையமைப்பு மரபுகளை மன அழுத்தம் போக்கும் மருந்தாகச் சுருக்கிவிட்டோம். இன்னொரு பக்கம் கணினி. பின்னலை ஒரே ஆள் திரையில் கட்டம் கட்டமாகப் போட்டு ஓடவிடுகிறார். கணக்கு சரியாக இருக்கிறது, எதிரில் ஆள் இல்லை. பள்ளிகளுக்கென்று செய்கிற மரவாத்தியங்களையோ பியானோ சுருதிக்குச் சீவிவிடுகிறார்கள். சம தூரம் போனால் மிக்கோ போயிற்று, நகர்த்தி என்ன பயன்?

எல்லாம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். புகாண்டாவுக்குப் பக்கத்து புசோகாவின் நக்கிபெம்பே எம்பைரே குழுவின் இசைத்தட்டு 2023-இல் வந்தது. குழிக்கு மேல் வைத்த பெரிய மரவாத்தியம், ஒன்றுக்கே சுற்றிலும் பல ஆட்கள், அடிவயிற்றில் மோதும் கீழ்ச் சுரங்கள். அரசவையின் நளினம் அதில் இல்லை, கிராமத்தின் முரட்டுத்தனம் இருக்கிறது. பின்னல் அப்படியே இருக்கிறது.

நம் இசைக் கல்லூரிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமடிண்டா செய்யச் செலவு அதிகமில்லை. பன்னிரண்டு மரக்கட்டைகள், அவற்றைக் கிடத்த இரண்டு வாழைமரத் துண்டுகள், கட்டைகள் நகராமலிருக்கக் குத்திவைக்கக் குச்சிகள், அவ்வளவுதான். மூன்றும் நம் ஊரில் கிடைக்கும். சுருதி சேர்க்கத்தான் பொறுமை வேண்டும். ஹார்மோனியத்தைப் பக்கத்தில் வைத்துச் சேர்க்காதீர்கள். பீட்டர் குக் எழுதிய 'ப்ளே அமடிண்டா' என்ற சின்னக் கையேடு 1990-இலிருந்து இருக்கிறது, எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். மாணவர்களை மூன்று மூன்று பேராக உட்காரவையுங்கள். யாரும் நடுவிலேயே நிலைத்துவிடாமல் இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். பாட்டுக் கட்ட வேண்டும் என்று வருகிற பிள்ளையை மட்டும் முதல் மாதம் முழுக்க ஓரத்து இரண்டு கட்டைகளிலேயே விட்டுவையுங்கள்.